முத்துச் சல்லடையும் கம்பைலர் எச்சரிக்கையும்

சி மொழியில் ஒரு நூறு வரி எழுதி கம்பைல் செய்து பார்த்த எல்லோருக்கும் இந்த வரி பழக்கம்: "கம்பேரிசன் பிட்வீன் சைன்டு அண்ட் அன்சைன்டு இன்டிஜர் எக்ஸ்பிரஷன்ஸ்". அதன் கீழேயே இன்னொன்றும் வரும்: "கன்வர்ஷன் மே சேஞ்ச் த சைன் ஆஃப் த ரிசல்ட்". எர்ரர் என்றால் பதறுவோம். வார்னிங் என்றால்? ப்ரோக்ராம் ஓடுகிறதா, ஓடுகிறது. அவுட்புட் வருகிறதா, வருகிறது. அப்புறம் என்ன என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். கொஞ்சம் சுத்தக்காரர்கள் முன்னால் ஒரு அடைப்புக்குறி போட்டு "இன்ட்" என்று காஸ்ட் செய்து கம்பைலரின் வாயை அடைத்துவிடுவார்கள்.

இந்தப் பதிவு அந்த எச்சரிக்கையின் வரலாறு. அது எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, நம் தூத்துக்குடிக் கடற்கரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கப் போகிறோம். சம்பந்தம் இருக்கிறது, நம்புங்கள் :-)

முதலில் முத்து.

மன்னார் வளைகுடா முத்துக் குளிப்பு பற்றிக் கொற்கை, பாண்டியர், பரதவர், 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர், 1658இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். கடைசிப் பெரிய குளிப்பு 1961இல் நடந்தது. நான் சொல்ல வருவது குளித்து முடித்த பிறகு கரையில் நடந்த கணக்கு வேலையை. கரைக்கு வந்த சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விடுவார்கள். வாங்கியவர் சிப்பியை அழுகவிட்டுக் கழுவி முத்தை எடுப்பார். எடுத்த முத்துகளை அப்படியே விற்க முடியாது, தரம் பிரிக்க வேண்டும். அதற்கு வைத்திருந்தது பத்து பித்தளைச் சல்லடைகள். ஒவ்வொன்றும் சின்னக் கிண்ணம் மாதிரி, அடியில் துளைகள். முதல் சல்லடையில் 20 துளை. அடுத்தடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. கிண்ணத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் துளை எண்ணிக்கை கூடக் கூட துளை சிறிதாகும். 20ஆம் நம்பரில் தங்கியது பெரிய முத்து. 1000ஆம் நம்பரில் இருந்தும் கீழே விழுந்தது தூள்.

சல்லடை முடிந்ததும் உருவம், ஒளி பார்த்து மறுபடி பிரிப்பு. ஆணிமுத்து தனி, வடிவு தனி, குறுவல் தனி. அதற்குப் பிறகுதான் தராசு. நிறுப்பது மஞ்சாடியிலும் கழஞ்சிலும். நல்ல முத்துக்கு விலை எடைக்கு நேர் விகிதத்தில் ஏறாது, எடையின் வர்க்கத்தை வைத்துப் போடும் கணக்கு ஒன்று இருந்தது. இரண்டு மஞ்சாடி முத்து ஒன்று, ஒரு மஞ்சாடி முத்து இரண்டுக்குச் சமமில்லை, நான்கு முத்தின் விலை போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூளுக்கோ வெறும் எடைதான்.

கவனியுங்கள். எந்த வகை முத்து என்று தெரியாமல் எடையை மட்டும் சொன்னால் விலை போட முடியாது. "40" என்று ஒருவர் சொன்னால் கீழக்கரை வியாபாரி முதலில் கேட்கும் கேள்வி "எது 40?" என்பதாகத்தான் இருக்கும். 40 சிப்பியா, 40 மஞ்சாடியா, ஆணியில் 40ஆ, தூளில் 40ஆ? பழைய தமிழ்க் கணக்கு எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவைகளை நான்காகப் பிரித்து வைத்திருந்ததும் இதே காரணத்துக்குத்தான். மரக்காலையும் முழத்தையும் கூட்டினால் கணக்கப்பிள்ளை சிரிப்பார்.

கம்ப்யூட்டருக்குச் சிரிக்கத் தெரியாது. அதற்கு எல்லாமே பிட்டுகள். "எது 40?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கம்பைலர். அதுவும் ஆரம்பத்தில் கேட்கவில்லை.

1967இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பிசிபிஎல் மொழியிலும், அதைச் சுருக்கி பெல் லேப்ஸில் கென் தாம்சன் செய்த பி மொழியிலும் வகை என்பதே கிடையாது. எல்லாம் ஒரு "வேர்டு". அதை எண்ணாகப் பாவித்தால் எண், முகவரியாகப் பாவித்தால் முகவரி. தாம்சனிடம் இருந்த பிடிபி-7 இயந்திரத்தில் ஒரு வேர்டு 18 பிட். அதற்குமேல் பிரிக்க வசதியில்லை, அதனால் மொழியும் பிரிக்கவில்லை. பிறகு பிடிபி-11 வந்தது. 16 பிட் வேர்டு, ஆனால் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி. இப்போது எழுத்து ஒரு அளவு, எண் ஒரு அளவு என்றாகிவிட்டது. எல்லாம் வேர்டு என்ற பழைய மொழி இதில் தடுமாறியது. டென்னிஸ் ரிட்சி "இன்ட்", "சார்" என்று வகைகளைச் சேர்த்தார். 1972 வாக்கில் சி பிறந்தது இப்படித்தான். அதாவது வகை என்பது தத்துவ ஆராய்ச்சியில் வந்ததில்லை, இயந்திரம் மாறியதால் வந்தது.

இங்கே ஒரு சின்ன விபத்து நடந்தது. பிடிபி-11இல் ஒரு பைட்டை ரெஜிஸ்டருக்கு ஏற்றும் கட்டளை, அந்த பைட்டின் முதல் பிட் 1 என்றால் அதை மைனஸ் குறியாக நினைத்து மேலே உள்ள பிட்டுகளையும் 1 ஆக்கிவிடும். அதனால் "சார்" அங்கே குறியுள்ள எண்ணாக, -128 முதல் 127 வரை, அமைந்தது. வேறு சில இயந்திரங்களில் குறியில்லாமல் 0 முதல் 255 வரை அமைந்தது. பிற்பாடு ஸ்டாண்டர்டு எழுதியவர்கள் இரண்டில் எதையும் கட்டாயமாக்காமல் விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் லினக்ஸில் இன்டெல் வகைக் கணினியில் "சார்" குறியுள்ளது, ஏஆர்எம்மில் பொதுவாகக் குறியில்லாதது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கட்டளையின் குணம் நம் கணினியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

இதனால் அதிகம் அடிபட்டது ஆங்கிலம் இல்லை. ஆங்கில எழுத்தெல்லாம் 127க்குள் அடங்கிவிடும், மைனஸ் ஆகவே ஆகாது. அடிபட்டது நாம். இணையத்தில் தமிழ் தவழ்ந்த காலத்தில் டிஸ்கி, பின் 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் என்று 8 பிட் குறியேற்றங்கள் இருந்தன. டிஸ்கியிலும் டாபிலும் ஆங்கிலத்துக்குக் கீழ்ப்பாதி, தமிழுக்கு 128க்கு மேலே உள்ள மேல்பாதி. அதாவது தமிழ் எழுத்து எல்லாமே குறியுள்ள சாரில் மைனஸ் எண்! ஒரு எழுத்தை நேரே அட்டவணைக்கு இன்டெக்ஸாகக் கொடுத்தால் அட்டவணைக்கு முன்னால் உள்ள நினைவகத்தைப் போய்ப் படிக்கும். ஆங்கிலத்தில் சரியாக ஓடிய ப்ரோக்ராம் தமிழில் குப்பையைக் காட்டும், அல்லது விழுந்துவிடும்.

யூனிகோடு வந்த பிறகு சரியாகிவிட்டதா? யூடிஎஃப்-8இல் நம் "அ" மூன்று பைட்: 224, 174, 133. குறியுள்ள சாரில் அதுவே -32, -82, -123. ஒரு எழுத்துக்கு மூன்று மைனஸ். ஜிசிசி "அரே சப்ஸ்கிரிப்ட் ஹேஸ் டைப் சார்" என்று எச்சரிப்பது இதற்காகத்தான். வெள்ளைக்காரர் ஒருவர் அந்த எச்சரிக்கையை அலட்சியப்படுத்தினால் அவருக்கு நஷ்டமில்லை. தமிழில் எழுதுகிறவருக்கு முதல் எழுத்திலேயே நஷ்டம்.

சரி, வரலாற்றுக்குத் திரும்புவோம். குறியில்லாத "அன்சைன்டு" வகை சியில் கொஞ்சம் பிந்தித்தான் சேர்ந்தது. 1970களின் பின்பாதியில் யூனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 என்ற 32 பிட் இயந்திரத்துக்கு மாற்றும்போது, "எல்லா இயந்திரமும் பிடிபி-11தான்" என்ற நினைப்பில் எழுதிய கோடெல்லாம் உதைத்தது. ஸ்டீபன் ஜான்சன் அப்போது "லின்ட்" என்று ஒரு கருவி எழுதினார். கம்பைலர் கண்டுகொள்ளாமல் விடும் வகைப் பொருத்தமின்மைகளை அது தேடிப் பிடித்துத் திட்டும். லின்ட் என்றால் துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத்தூசி. நாம் இன்று பார்க்கும் எச்சரிக்கைகளின் பாட்டி அதுதான்.

அடுத்து வந்தது ஒரு பெரிய சண்டை. குறியில்லாத சின்ன எண்ணையும் குறியுள்ள எண்ணையும் ஒன்றாகப் போட்டால் விடை எந்த வகை? குறியின்மையைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு கட்சி, மதிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று இன்னொரு கட்சி. இரண்டு விதமாகவும் கம்பைலர்கள் இருந்தன. 1989இல் அமெரிக்க ஸ்டாண்டர்டு வந்தபோது மதிப்புக் கட்சி ஜெயித்தது. குறியில்லாத "ஷார்ட்" எண் முதலில் சாதாரண இன்ட்டாக உயரும், அதில் அடங்குமென்றால். ஆனால் குறியில்லாத இன்ட்டும் குறியுள்ள இன்ட்டும் மோதினால்? அங்கே குறியில்லாததே ஜெயிக்கும். அதனால்தான் -1ஐயும் குறியில்லாத 1ஐயும் ஒப்பிட்டால் -1 பெரியது என்று வருகிறது. காரணம், ஒப்பிடும் முன்பே -1 சத்தமில்லாமல் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 ஆகிவிடுகிறது. கடன்காரன் கோடீஸ்வரன் ஆகும் வித்தை :-)

இரண்டு சரங்களின் நீளத்தைக் கழித்து "பூஜ்யத்தைவிடப் பெரியதா" என்று கேட்பது இன்னொரு பழைய பொறி. நீளம் "சைஸ்-டி" என்ற குறியில்லாத வகை. கழித்தால் மைனஸே வராது. இரண்டும் சமமாக இல்லாத எல்லா நேரத்திலும் "ஆம்" என்றுதான் பதில். குறியில்லாத எண்ணை வைத்து பூஜ்யம்வரை இறங்கும் லூப் எழுதினாலும் அப்படியே. பூஜ்யத்துக்குக் கீழே போகாது, உச்சிக்குத் தாவும், லூப் முடியவே முடியாது.

நம் ஊர்ப் பக்கம் இந்த விஷயத்துக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. அதன் பெயர் டர்போ சி. போர்லாண்டு நிறுவனம் டாஸுக்காகச் செய்த, நீலத் திரையும் மஞ்சள் எழுத்துமாக இருக்கும் அந்தக் கம்பைலர் உலகத்தில் பிற இடங்களில் 1990களோடு ஓய்ந்துவிட்டது. இந்தியக் கல்லூரி லேப்களில் 2000களைத் தாண்டியும் ஓடியது. அதில் இன்ட் 16 பிட். உச்சம் 32,767. ஃபேக்டோரியல் ப்ரோக்ராம் எழுதினால் 7 வரை ஒழுங்காக 5040 என்று வரும். 8 கொடுத்தால் 40320க்குப் பதில் -25216 என்று வரும். ரெக்கார்டு நோட்டில் 5க்கு மட்டும் அவுட்புட் எழுதிவிட்டு எல்லோரும் தப்பித்தார்கள். "இன்ட் எத்தனை பைட்?" என்ற கேள்விக்கு "2" என்று மனப்பாடம் செய்து, 4 பைட் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தே அதைச் சொன்ன தலைமுறை அது. "இன்ட் எத்தனை பைட்" என்பது மொழியின் கேள்வி இல்லை, கம்பைலரின் கேள்வி என்று சொல்லித்தர ஆளில்லை.

32,767 என்பது எவ்வளவு சின்ன எண் என்று புரிய துறைமுகத்தைப் பாருங்கள். வ.உ.சி. துறைமுகம் கையாளும் கன்டெய்னர்கள், இருபதடிப் பெட்டிக் கணக்கில், சில ஆண்டுகளில் ஏழு லட்சத்தைத் தாண்டியிருக்கின்றன. நாளொன்றுக்கு 1900க்கு மேல். ஜனவரி 1 முதல் ஒரு 16 பிட் இன்ட்டில் எண்ணத் தொடங்கினால் பொங்கல் முடிந்து சில நாளில் நிரம்பிவிடும். அடுத்த பெட்டி இறங்கும்போது மைனஸ் 32,768 பெட்டிகள்!

துறைமுகம் என்றதும் எனக்கு மிகப் பிடித்த உதாரணத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பன்னாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு (கிராஸ் டன்னேஜ்) மேற்பட்ட கப்பல்களெல்லாம் ஏஐஎஸ் என்ற கருவி வைத்திருக்க வேண்டும் என்ற சர்வதேச விதி 2004இல் முழுமையாக அமலுக்கு வந்தது. கருவி விஎச்எஃப் வானொலியில் "நான் இன்ன கப்பல், இங்கே இருக்கிறேன், இந்த வேகம், இந்தத் திசை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மலிவான ஒரு ரிசீவரும் ஆன்டெனாவும் இருந்தால் கடற்கரையில் மொட்டை மாடியில் இருந்தே கேட்கலாம். டீகோட் செய்யும் ப்ரோக்ராம் எழுதுவது மாணவர்களுக்கு அருமையான ப்ராஜெக்ட்.

ஒரு இடச்செய்தி மொத்தம் 168 பிட். அதில் தீர்க்கரேகைக்கு 28 பிட், அட்சரேகைக்கு 27 பிட், இரண்டும் குறியுள்ளவை. அலகு, ஒரு நிமிடத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வேகத்துக்கு 10 பிட், குறியில்லாதது, 1023 என்றால் "தெரியவில்லை". திரும்பும் வீதத்துக்கு 8 பிட், குறியுள்ளது, -128 என்றால் "தெரியவில்லை". பார்த்தீர்களா, 27 பிட்டுக்கும் 28 பிட்டுக்கும் சியின் வழக்கமான முழுஎண் வகைகளில் இடம் கிடையாது. 8, 16, 32, 64தான் உண்டு. சல்லடையில் 20, 30, 50 மட்டும் இருக்கும்போது 37 துளை கேட்ட கதை. அதனால் பிட்டுகளை எடுக்க ஒரு ஃபங்ஷன் எழுதுவோம், அது குறியில்லாத 32 பிட் எண்ணைத் திருப்பித் தரும். அதைக் குறியுள்ள இன்ட்டில் போடுவோம். கம்பைலர் உடனே "சைன் மாறலாம்" என்று எச்சரிக்கும். நாம் இன்ட் என்று காஸ்ட் போடுவோம். எச்சரிக்கை போய்விடும். தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் இடம், 8.8 வடக்கு, 78.2 கிழக்கு, மிகச் சரியாக வரும்.

ப்ராஜெக்ட் முடிந்தது என்று நினைப்போம். ஏன் சரியாக வந்தது? நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே, கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருக்கிறோம். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர், துபாய் எல்லாம் அப்படித்தான். இங்கே உட்கார்ந்து எத்தனை வருடம் சோதித்தாலும் இரண்டு எண்ணும் பிளஸ்தான். தவறு தெரியவே தெரியாது. இதே ப்ரோக்ராமுக்கு தென்னாப்பிரிக்காவின் நிலக்கரித் துறைமுகமான ரிச்சர்ட்ஸ் பேயில் இருக்கும் கப்பலின் செய்தியைக் கொடுங்கள். இடம் 28.8 தெற்கு. அதாவது மைனஸ் 1,72,80,000. 27 பிட்டில் அது 11,69,37,728 ஆக எழுதப்பட்டிருக்கும். நம் ப்ரோக்ராம் அதைப் பிளஸ் எண்ணாகவே படித்து அட்சரேகை 194.9 பாகை என்று சொல்லும். வடதுருவமே 90தான்!

கடைசியில் கம்பைலர் கேட்டது நியாயமான கேள்வி. "இந்த எண்ணுக்கு மைனஸ் உண்டா இல்லையா?" நாம் காஸ்ட் போட்டபோது பதில் சொல்லவில்லை, கேட்காதே என்றோம். காஸ்ட் போட்டதால் ஒரு பிட்டும் மாறவில்லை. 27 பிட்டின் குறி 27ஆவது பிட்டில் இருக்கிறது, 32 பிட் இன்ட்டோ 32ஆவது பிட்டில் குறியைத் தேடுகிறது. சரியான தீர்வு, 27ஆவது பிட் 1 ஆக இருந்தால் 2இன் 27ஆம் அடுக்கைக் கழிப்பது. ஒரே வரி. அந்த வரியை எழுதினால் காஸ்ட்டுக்கும் அர்த்தம் வந்துவிடுகிறது.

தெற்குக் கப்பல் நம் ரிசீவருக்கு எட்டாதே என்று சமாதானம் சொல்லலாம். திரும்பும் வீதம் எட்டுமே! வலப்பக்கம் திரும்பினால் பிளஸ், இடப்பக்கம் திரும்பினால் மைனஸ். நிமிடத்துக்கு 10 பாகை இடப்பக்கம் திரும்பும் கப்பல் (ஒரு வர்க்கமூலச் சூத்திரத்தின் வழியாக) -15 என்று அனுப்பும். குறி பார்க்காமல் படித்தால் அது 241. அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் நிமிடத்துக்கு சுமார் 2590 பாகை, வலப்பக்கம். நிலக்கரிக் கப்பல் ஒன்று நிமிடத்துக்கு ஏழு தடவை பம்பரமாகச் சுற்றிக்கொண்டு துறைமுகத்துக்குள் நுழையும். திரையில் பார்த்தால் சிரிப்பு வரும். அந்தத் திரையை நம்பி மோதல் எச்சரிக்கை கணக்கிடும் ப்ரோக்ராம் இருந்தால் சிரிப்பு வராது.

உண்மையாகவே சிரிக்க முடியாமல் போன நாள் 1996 ஜூன் 4. ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட்டின் முதல் பயணம், நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களுடன். கிளம்பி நாற்பது விநாடிக்குள் திசை தவறிச் சிதறியது. கணிதவியலாளர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான குழு அடுத்த மாதமே அறிக்கை கொடுத்தது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் குறியுள்ள முழுஎண்ணாக மாற்றும் இடத்தில் எண் அடங்கவில்லை. நம் டர்போ சியின் அதே 32,767! கோடு ஏரியன்-4இல் இருந்து வந்தது. அந்த ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாகாது. மாற்றங்கள் நடக்கும் ஏழு மாறிகளில் நான்கிற்குப் பாதுகாப்பு வைத்திருந்தார்கள், மூன்றிற்கு வைக்கவில்லை. கணினியின் பளுவைக் குறைக்க, தெரிந்தே எடுத்த முடிவு. அது ஆடா மொழி, வகை விஷயத்தில் சியைவிடக் கறாரானது. அப்படியும் நடந்தது. இதில் எனக்கு வலிக்கும் விவரம், அந்தக் கணக்கே ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையில்லாதது என்பதுதான்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து கிளம்ப வேண்டிய சின்ன ராக்கெட் எஸ்எஸ்எல்வி. அதன் முதல் பயணம் 2022 ஆகஸ்ட் 7இல் ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தது. இரண்டாம் நிலை பிரியும்போது ஏற்பட்ட அதிர்வில் முடுக்கமானிகளின் அளவு கொஞ்ச நேரம் வரம்பைத் தாண்டியது. "இந்த சென்சார்கள் பழுது" என்று மென்பொருள் முடிவு கட்டி மாற்று வழிக்குப் போனது. 356 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குப் பதில் 356க்கு 76 என்ற நீள்வட்டத்தில் செயற்கைக்கோள்கள் விடப்பட்டன, தங்கவில்லை. அவற்றில் ஒன்று 750 பள்ளி மாணவிகள் பங்களித்த ஆசாதிசாட். இது முழுஎண் வகைத் தவறு இல்லை, அப்படிச் சொன்னால் பொய். ஆனால் ஏரியனுக்கு அது பங்காளி வீடுதான். எதிர்பார்த்த வரம்புக்கு வெளியே ஒரு எண் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றே. 2023 பிப்ரவரி 10இல் இரண்டாவது எஸ்எஸ்எல்வி வெற்றிகரமாகப் போனது.

இனி நடைமுறை. எச்சரிக்கை வந்தால் முதலில் கோடை விட்டுவிட்டு அந்த எண் எதைக் குறிக்கிறது என்று யோசியுங்கள். எண்ணிக்கையா, வித்தியாசமா? எண்ணிக்கைக்கு மைனஸ் கிடையாது, வித்தியாசத்துக்கு உண்டு. சரத்தின் நீளத்தோடு ஒப்பிடும் லூப் மாறியா, அதையும் சைஸ்-டி ஆக்கிவிடுங்கள், எச்சரிக்கை நேர்மையாகவே மறைந்துவிடும். பெரிய வகையில் இருந்து சிறியதற்கு மாற்ற வேண்டியிருந்தால் முதலில் எல்லையைச் சோதித்து, அடங்காவிட்டால் என்ன செய்வது என்று எழுதி, அப்புறம் காஸ்ட். வெளியில் இருந்து வரும் பிட்டுகளுக்கு 1999இன் சி ஸ்டாண்டர்டு தந்த, அளவைப் பெயரிலேயே சொல்லும் வகைகளைப் பயன்படுத்துங்கள். சி++ எழுதுபவர்களுக்கு 2020 பதிப்பில் குறியுள்ளதையும் இல்லாததையும் கணித முறைப்படியே ஒப்பிடும் ஃபங்ஷன்கள் வந்துவிட்டன. இன்னொன்று, ஜிசிசியில் "டபிள்யூ-ஆல்" என்று கொடுத்தால் எல்லா எச்சரிக்கையும் வரும் என்று நினைக்காதீர்கள். பெயர்தான் அப்படி. சியில் குறி ஒப்பீட்டு எச்சரிக்கைக்கு "டபிள்யூ-எக்ஸ்ட்ரா" வேண்டும், குறி மாற்றத்துக்கு அதற்கும் மேலே தனியாக "டபிள்யூ-சைன்-கன்வர்ஷன்" கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு தேதி. யூனிக்ஸ் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணுகின்றன. பழையவை அதைக் குறியுள்ள 32 பிட் எண்ணில் வைத்தன. உச்சம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. லினக்ஸ் கெர்னல் 32 பிட் கணினிகளுக்கும் 64 பிட் நேரத்தை 2020இல் வந்த 5.6 பதிப்பில் முழுமையாக்கிவிட்டது. ஆனால் ஒருமுறை பொருத்தினால் யாரும் திறந்தே பார்க்காத சின்னச் சின்னக் கருவிகள், கப்பலிலும் கரையிலும், ஏராளம். அவற்றில் அப்டேட் ஆகாதவற்றுக்குக் கணக்கு தீரும் நேரம் 2038 ஜனவரி 19. நம் ஊரில் அப்போது செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அடுத்த விநாடி அவற்றுக்கு 1901 டிசம்பர் 13. வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்க இன்னும் ஐந்து வருடம் இருக்கும்.